43 வயதில் காறை எலும்பு முறிவு: ஐஸ் ஹொக்கிக்குத் திரும்புவதா, விடுவதா?

இடதுகை_மார்க்கம் | செவ்வாய், இரவு 9.20

வணக்கம். இங்கே நீண்ட நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு கையால் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளை நான்கு வருடத்துக்கு முன் ஸ்கேற்றிங் வகுப்பில் சேர்த்தோம். ஞாயிறு காலையில் கண்ணாடிக்கு வெளியே கோப்பியோடு நின்று பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. 41 வயதில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் சேர்ந்தேன். ஊரில் பிறந்து வளர்ந்து, 19 வயதில்தான் முதன்முதலில் பனியைக் கண்டவன் நான். முதல் நாள் கைப்பிடிச் சுவரை விடாமல் ஒரு சுற்று வந்தபோது அப்படி ஒரு சந்தோசம். ஒரு வருடம் கழித்து தொடக்கநிலை லீக் ஒன்றில் சேர்ந்தேன். உடலால் மோதக் கூடாது என்பது விதி. செவ்வாய்தோறும் இரவு 10.45க்கு ஆட்டம்.

ஐந்து வாரத்துக்கு முன், மூன்றாவது பீரியட் முடிய இரண்டு நிமிடம். 3-3. பக், அதாவது ஆடுகிற ரப்பர் வட்டு, மூலைக்குப் போனது, துரத்தினேன். யாரும் என்னைத் தொடவில்லை. பனித்தரையைச் சுற்றியுள்ள பலகைச் சுவருக்கு நாலைந்து அடி இருக்கும்போது ஸ்கேற்றின் கத்தி பனியில் மாட்டியது. கையில் மட்டை, கண் பக்கில். இடது தோள்தான் முதலில் போய்ப் பலகையில் அடித்தது. காய்ந்த முருங்கைக் கொப்பை முறித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் ஹெல்மெற்றுக்குள் கேட்டது. நோ உடனே வரவில்லை, முதலில் ஒரு சூடு மட்டும். எழும்பி, வீரர்கள் இருக்கிற வாங்குவரை நானே போனேன். அங்கே இருந்து கையுறையைக் கழற்றப் பார்த்தபோதுதான் கை சொல் கேட்கவில்லை என்று தெரிந்தது.

அணி நண்பர் ஒருவர் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். அவசரப் பிரிவில் ஐந்து மணித்தியாலம், ஹொக்கிக் காற்சட்டையோடு. ஜேர்சியைக் கழற்ற ஏலவில்லை. தாதி கத்தரிக்கோலோடு வந்து வெட்டட்டுமா என்று கேட்டார். மகள் தெரிவு செய்து தந்த 17ஆம் இலக்கம் அது. வெட்டச் சொன்னேன்.

எக்ஸ்ரேயில் காறை எலும்பு (கழுத்தடியில் இருந்து தோளுக்குப் போகிற எலும்பு) நடுவில் முறிந்து, ஒரு துண்டு மற்றதன்மேல் ஏறி நின்றது. ஒன்றரை சென்ரிமீற்றர் குறைந்திருக்கிறதாம். சத்திரசிகிச்சை செய்யலாம், செய்யாமலும் விடலாம், முடிவு உங்களுடையது என்றார் எலும்பு வைத்தியர். வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இப்போது ஸ்லிங்கில் கை.

நான் இடதுகைக்காரன். ஆனால் சோறு மட்டும் வலது கையால்தான். அம்மா சின்ன வயதில் அப்படிப் பழக்கிவிட்டார். அதனால் சாப்பாடு தானாகப் போகிறது. சட்டைப் பொத்தான் போட மட்டும் எட்டு வயதுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மனைவி திட்டவில்லை. “நீங்கள் விழுந்ததை விட, இரவு ஒன்றரைக்கு வந்த அந்த ஃபோன்தான் இன்னும் எனக்குள் இருக்கிறது” என்று ஒரு நாள் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேட்க வந்தது இதுதான். இப்படி முறிந்த பிறகு, இந்த வயதில் திரும்பிப் போனவர்கள் இருக்கிறீர்களா? இரவில் எப்படிப் படுத்தீர்கள்? நான் டெலிவரி வான் ஓட்டுகிறவன், வேலைக்குப் போக ஏலாது. வருமானத்துக்கு என்ன வழி?

---

ஸ்காபரோ_கோலி | செவ்வாய், இரவு 10.05

தம்பி, முதலில் நித்திரை. கட்டிலில் நேராகப் படுக்காதேயும். சாய்மானக் கதிரை இருந்தால் அதில், இல்லாவிட்டால் முதுகுக்கு மூன்று தலையணை வைத்து அரைவாசி இருந்தபடி. முறிந்த பக்க முழங்கைக்குக் கீழே சின்னத் தலையணை ஒன்று. முழங்கை பின்னால் தொங்கினால்தான் இரவில் உயிர் போகும்.

சட்டை போடும்போது நோகிற கை முதலில், கழற்றும்போது கடைசியில். முன்பக்கம் திறக்கிற சட்டை மட்டும் போடும்.

மற்றது, அடுத்த தடவை யாருக்கு இப்படி நடந்தாலும் அம்புலன்சைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) உள்ளவர்களுக்கு, தேவையான பயணம் என்றால் கட்டணம் 45 டொலர்தான். கழுத்து, முதுகு நோகிறது என்று ஒருவர் சொன்னால் அவரை ஒருவரும் தூக்கி எழுப்பக் கூடாது. பனியிலேயே படுக்க விட வேண்டும்.

மூலைக்குள் போகிற விசயம் பற்றி ஆறுதலாக எழுதுகிறேன். அதுதான் இதில் முக்கியம்.

---

பிசியோ_அக்கா | புதன், காலை 6.50

தம்பி, நான் ஒன்ராறியோவில் பிசியோதெரபிஸ்ற். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை, ஆகவே உங்கள் வைத்தியர் சொல்வதுதான் முடிவு. பொதுவாகத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஹொக்கியில் தோளில் அடிபட்டால் எல்லோரும் “தோள் போய்விட்டது” என்பார்கள். அதில் மூன்று வேறு வேறு விசயம் இருக்கிறது. ஒன்று உங்களுடையது, காறை எலும்பு முறிவு. இரண்டாவது, காறை எலும்பின் நுனி தோள்பட்டை எலும்போடு சேருகிற இடத்தில் தசைநார் கிழிவது. பலகையில் தோள் மோதுகிறவர்களுக்கு அடிக்கடி வருவது இதுதான், தோளின் மேல் ஒரு புடைப்புத் தெரியும். மூன்றாவது, கையெலும்பின் பந்து குழியை விட்டே வெளியே வருவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, காலம் வேறு. “எனக்கும் தோள் போனது, மூன்று கிழமையில் விளையாடினேன்” என்று ஒருவர் சொன்னால், எது போனது என்று கேளுங்கள்.

சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்ததை நினைத்துக் குழம்ப வேண்டாம். 2007இல் கனடிய எலும்பு வைத்தியர்கள் 132 பேரை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். விலகி நின்ற முறிவுகளுக்குத் தகடு வைத்தவர்களில் எலும்பு ஒட்டாமல் போனது குறைவு. ஆனால் தகடு தோலுக்கடியில் உறுத்தி, அதை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை செய்தவர்களும் இருந்தார்கள். குறைவு இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டினால் வைத்தியர்கள் தகட்டுப் பக்கம் கூடுதலாக யோசிப்பார்கள். நீங்கள் அதற்குக் கீழே நிற்கிறீர்கள்.

இப்போது நான் பயப்படுவது எலும்பைப் பற்றி அல்ல, மூட்டைப் பற்றி. ஐந்து வாரமாகக் கை ஸ்லிங்கிலேயே இருக்கிறதா? ஒரு நாளும் கழற்றவில்லையா? குனிந்து நின்று, கையைத் தளரத் தொங்கவிட்டு, மணி நாக்கு ஆடுவதுபோல மெதுவாக ஆட்டுகிற பயிற்சியை யாராவது காட்டினார்களா? முழங்கை, மணிக்கட்டு, விரல்களை ஒவ்வொரு நாளும் அசைக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களை விட அதிகம், எங்கள் சனத்தில் நீரிழிவும் அதிகம். எலும்பு ஒட்டிய பிறகும் தலை சீவ ஏலாமல், மேல் தட்டில் இருந்து போத்தலை எடுக்க ஏலாமல் என்னிடம் வந்தவர்கள் பலர். புகைப்பவர் என்றால் எலும்பு ஒட்டும்வரையாவது நிறுத்துங்கள், அது ஒட்டுவதைத் தாமதப்படுத்தும்.

இன்னொன்று. ஓஹிப் பிசியோவுக்குக் காசு தரும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வயதில் பொதுவாகத் தராது. 65 வயதும் அதற்கு மேலும், 19 வயதும் அதற்குக் கீழும், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்று வந்தவர்கள், சில சமூக உதவி பெறுகிறவர்கள், இவர்களுக்குத்தான். உங்களுடையதோ மனைவியுடையதோ வேலையிடக் காப்புறுதியில் எத்தனை தடவை தருவார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று தடவைதான் வர முடியும் என்றால் அதைப் பிசியோவிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டில் செய்யும் பயிற்சிகளை அதற்கேற்றபடி எழுதித் தருவார்.

---

இடதுகை_மார்க்கம் | புதன், பகல் 12.15

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். குளிக்கும்போது தவிர ஸ்லிங்கைக் கழற்றவே இல்லை. அசைத்தால் எலும்பு திரும்ப விலகிவிடும் என்ற பயம். பயிற்சி பற்றிய தாள் ஒன்று தந்தார்கள், வாசிக்கவில்லை. நீரிழிவு இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று போன வருடம் சொன்னார்கள்.

இன்று குடும்ப வைத்தியருக்கு ஃபோன் பண்ணிவிட்டேன். நாளை போகிறேன்.

---

ரிடோ_கால்வாய் | புதன், மாலை 7.30

நான் ஒட்டாவாவில் இருக்கிறேன், சொந்த ஊர் சென்னை. ஸ்கேட்டிங் பழகியது ரிடோ கால்வாயில்தான். முழுதாக உறைந்தால் 7.8 கிலோமீட்டர். 2023 குளிர்காலத்தில் பனி போதாமல் அதைத் திறக்கவே இல்லை, அந்த வருடம்தான் வெளியே பழக இடமில்லாமல் உள்ளரங்கத்துக்கு வந்து ஹாக்கியில் சேர்ந்தேன். அப்போது வயது 38.

என்னுடையது மணிக்கட்டு. பின்னால் சாய்ந்து விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றிவிட்டேன். ஹாக்கி கையுறை விரலையும் புறங்கையையும்தான் நன்றாகக் காக்கும், உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தோல்தான். பெரிய வலி இல்லை, வீக்கமும் இல்லை. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு எதுவும் தெரியவில்லை என்றார்கள். சுளுக்கு என்று நினைத்து ஆபீஸ் போனேன், அடுத்த வாரம் ஒரு ஆட்டமும் ஆடினேன். சாவியைத் திருப்பினால் மட்டும் சுருக்கென்று இருக்கும்.

மூன்று வாரம் கழித்து வேறொரு டாக்டரிடம் போனேன். கட்டை விரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், ஒரு சின்னப் பள்ளம் விழும். அந்த இடத்தை அவர் ஒரே ஒரு விரலால் அழுத்தினார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். திரும்ப எக்ஸ்ரே எடுத்தபோது ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பில் கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்த எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். அதனால்தான் அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால் படத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுப்பார்களாம். அதற்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் வருகிறது, கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகலாம் என்றார். பத்து வாரம் மாவுக்கட்டு. நான் ஆடிய அந்த ஒரு ஆட்டத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

படம் நன்றாக இருக்கிறது என்பதும் கை நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. வலி அங்கேயே இருந்தால் திரும்பப் போங்கள்.

அப்புறம், நான் திரும்பி ஆடுகிறேன். எட்டு மாதம் கழித்துப் போனேன். அந்த எட்டு மாதத்தில் விழுவதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்தேன். கையை ஊன்றாமல், முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் தொடையும் புட்டமும் முதலில் தரையைத் தொடுகிற மாதிரி. முதலில் வீட்டுக் கம்பளத்தில், பிறகு பனியில்.

---

கல்வியங்காட்டான் | புதன், இரவு 8.45

பிள்ளையள், குறை நினைக்காதேங்கோ. எனக்கு 61 வயது. எலும்பு முறிந்தால் ஒட்டும், அதைப் பற்றி நான் கதைக்கவில்லை.

போன வருடம் என் மருமகனின் ஆட்டம் பார்க்கப் போனேன். எதிரணியில் 46 வயதுப் பெடியன் ஒருவர் வாங்கில் வந்து இருந்தார், தண்ணீர்ப் போத்தலை எடுத்தார், அப்படியே முன்னால் சரிந்தார். மருமகன்தான் ஓடிப்போய் அரீனாச் சுவரில் தொங்கிய டிஃபிபிரிலேற்றரை, இதயத்துக்கு மின் ஷொக் கொடுக்கிற பெட்டியை, கொண்டுவந்தார். ஒருவர் நெஞ்சை அழுத்த, பெட்டி சொல்லச் சொல்ல ஒட்டி ஒரு தடவை ஷொக் கொடுத்தார்கள். ஆள் இன்று உயிரோடு இருக்கிறார். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று மருமகனுக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது.

ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு ஓட்டம், பிறகு வாங்கில் இரண்டு மூன்று நிமிடம், திரும்ப ஓட்டம். துடிப்பு இறங்க முதலே மறுபடி ஏறுகிறது. கிங்ஸ்ரன் நகரத்தில் பொழுதுபோக்காக ஆடுகிற ஆண்களுக்குக் கருவி பூட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. உடற்பயிற்சிக்கு வைத்தியர்கள் சொல்கிற அளவைத் தாண்டித்தான் அவர்களின் இதயம் அடித்தது. கிழமை முழுக்க வான் சீற்றிலோ கணினி முன்னாலோ இருந்துவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து, பதினொரு மணிக்கு இப்படி ஓடுவது எந்த உடம்புக்கும் பாரம். எங்கள் ஆட்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது என்பதும் தெரிந்த கதைதான்.

தம்பி, எல்லைக்கோட்டில் சீனி என்று எழுதியிருக்கிறீர். தோளுக்கு வைத்தியரிடம் போகும்போது பிரஷர், கொலஸ்ட்ரோல், இதயம் எல்லாம் சேர்த்துப் பாரும். அது சரியென்று வரும்வரை விளையாட வேண்டாம் என்பது என் கருத்து.

---

வின்னிபெக்_குளிர் | புதன், இரவு 10.30

ஐயா சொன்னதில் ஒரு சொல்லைக் கூட நான் மறுக்கவில்லை. ஆனால் விட்டுவிடுவதால் இதயம் காப்பாற்றப்படும் என்று நினைக்கவில்லை. இந்த ஊர்க் குளிரில், ஐந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்து, நான் நொந்துபோயிருந்த காலம் ஒன்று உண்டு. பெண்கள் அணியில் சேர்ந்த பிறகுதான் குளிர்காலம் எனக்குப் பழகியது. சோதித்துப் பார்த்துவிட்டுப் போங்கள் என்பது சரி. போகாதீர்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் காயம் வெளியே தெரியாதது. பின்பக்கமாகப் போகும்போது விழுந்து பிடரி பனியில் அடித்தது. ஹெல்மெற் இருந்தது, மயங்கவில்லை, ஒரு கணம் வெளிச்சம் வெள்ளையாகப் போய் வந்தது, அவ்வளவுதான். அதன்பிறகும் வாங்கில் இருந்து இரண்டு முறை இறங்கி ஆடினேன். வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன், அதை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. அடுத்த நாள் கணினித் திரையைப் பார்க்க முடியவில்லை. மகன் கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம் தலைக்குள் குத்தியது. கேள்வி கேட்டால் பதில் தெரியும், சொல் வராது. கன்கஷன், அதாவது அடியால் மூளை அதிர்வது. முழுதாகச் சரியாக ஏழு வாரம் ஆனது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: கன்கஷனுக்கு மயக்கம் வர வேண்டும் என்று இல்லை. ஸ்கானில் தெரிய வேண்டும் என்றும் இல்லை. சந்தேகம் என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அணியில் ஒருவராவது அதைச் சொல்லி ஆளை வெளியே இருத்த வேண்டும், ஏனென்றால் அடிபட்டவருக்கு அந்த நேரம் தன் நிலை தெரியாது. முதல் ஒன்றிரண்டு நாள் ஆறுதல், பிறகு சின்ன நடை, பிறகு படிப்படியாக. விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படி சொல்வார்கள், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், அறிகுறி அதிகமானால் ஒரு படி கீழே.

ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி 2013இல் ரக்பி ஆடும்போது, முதல் அடி ஆற முதலே மறுபடி அடிபட்டு இறந்துபோனார். அதன்பின் 2018இல் வந்த சட்டம். இளம் வீரர்களையும் பயிற்றுநர்களையும் ஒவ்வொரு வருடமும் கன்கஷன் விளக்கத்தை வாசிக்க வைக்கிறார்கள். எங்களைப் போன்ற பெரியவர்களின் இரவு லீக்குகளில் அப்படி ஒருவரும் உட்கார்த்தி வைத்துச் சொல்வதில்லை. நாங்களாகத்தான் வாசிக்க வேண்டும்.

---

புது_ஸ்கேற் | வியாழன், காலை 8.10

அடுத்த மாதம் வகுப்பில் சேர இருந்தேன். வாசித்ததும் பயமாக இருக்கிறது. மோதல் இல்லாத லீக் என்றால் ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். கழுத்துக் காப்பு போட வேண்டுமா? பழைய சாமான் வாங்கலாமா?

---

ஸ்காபரோ_கோலி | வியாழன், இரவு 9.00

புதுத் தம்பிக்கும் மார்க்கம் தம்பிக்கும் சேர்த்து எழுதுகிறேன். 22 வருடமாகக் கோலியாக, வலையைக் காத்துக்கொண்டு நிற்கிறேன். முன்னால் நடப்பதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரியும்.

கழுத்துக் காப்பு: கட்டாயம் போடும். 2023 ஒக்ரோபர் 28இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் அடம் ஜோன்சன் என்ற 29 வயது வீரர், எதிரணி வீரரின் ஸ்கேற் கழுத்தில் பட்டு இறந்தார். அதன்பின் இங்கிலாந்து ஐஸ் ஹொக்கிச் சங்கம் 2024 ஜனவரியில் இருந்து கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் 1989இல் பஃபலோ அணியின் கோலி கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்து இரத்தக்குழாய் ஸ்கேற்றால் வெட்டுப்பட்டது. அணியின் உதவியாளர் கையாலேயே இறுக்கிப் பிடித்துக் கொண்டுபோனதால் பிழைத்தார். நான் பழகிய காலத்தில் பெரியவர்கள் யாரும் போட மாட்டார்கள். வெக்கை, மூச்சு முட்டுகிறது என்பார்கள். கோலிகள் முகமூடி போடுவதையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1959 நவம்பர் 1இல் ஜாக் பிளான்ற் முகத்தில் பக் பட்டுத் தையல் போட்டுவிட்டு, முகமூடி இல்லாமல் திரும்ப வர மாட்டேன் என்று பயிற்றுநரிடம் சொல்லி நின்றார். இன்று முகமூடி இல்லாத கோலி உண்டா?

முகத்துக்கு முழுக் கம்பிக் கூடு. பாதி மறைப்பு வேண்டாம். காலையில் வேலைக்குப் போகிற ஆட்கள் நாங்கள், பல்லும் கண்ணும் வேண்டும். பக் ஆறு அவுன்ஸ் கெட்டி ரப்பர், உறைய வைத்தது. கத்தி வெட்டாத துணியில் செய்த காலுறையும் வாங்கும். ஒட்டாவா அணி வீரர் எரிக் கார்ல்சனுக்கு 2013இல் குதிகால் தசைநார் வெட்டுப்பட்டது ஸ்கேற்றின் கத்தியால்தான். பழைய சாமானில் காற்சட்டை, முழங்கால் காப்பு வாங்கலாம். ஹெல்மெற் மட்டும் பழையது வேண்டாம், அது முன்னர் எத்தனை அடி வாங்கியது என்று உமக்குத் தெரியாது.

இனி முக்கியமான விசயம். மோதல் இல்லாத லீக்கில் ஆட்கள் விழுவது ஆட்கள் மோதி அல்ல, தாங்களாகவே பலகைக்குள் போய்த்தான். பலகையோடு ஒட்டி நிற்கிறவருக்கு ஆபத்துக் குறைவு, பத்தடி தள்ளி நிற்கிறவருக்கும் குறைவு. மூன்று நாலு அடியில், பலகையைப் பார்த்தபடி, குனிந்து நிற்கிறவருக்குத்தான் எல்லாம் நடக்கிறது. விழுந்தால் தோளோ தலையோ நேரே போய் அடிக்கிற தூரம் அது. ஆகவே பக்குக்கு நேராகப் போகாமல் வளைந்து, பலகைக்குப் பக்கவாட்டாகப் போக வேண்டும். போக முதல் தோளுக்கு மேலால் ஒரு பார்வை. விழப்போகிறோம் என்று தெரிந்தால் மட்டையைக் கைவிட்டுவிட்டுக் கைகளை முன்னால் மடக்கிக் கொடுக்க வேண்டும். எது நடந்தாலும் தலையைக் குனியக் கூடாது. ரொறன்ரோவின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் சார்ல்ஸ் ரேற்றர், ஹொக்கியில் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர்களைப் பற்றி 1980களில் இருந்து எழுதிவந்தவர். தலை குனிந்து உச்சி பலகையில் இடிக்கும்போதுதான் முள்ளந்தண்டு உடைகிறது. தலை நிமிர்ந்திருந்தால் முகக்கூடு வாங்கிக்கொள்ளும்.

மார்க்கம் தம்பி, உம்மிடம் ஒரு கேள்வி. உமக்கு எந்தப் பக்கம் நிற்கத் தெரியும்?

பெரிய வயதில் பழகிய எல்லோரிடமும் இதைக் காண்கிறேன். ஹொக்கி ஸ்ரொப், அதாவது ஓடிவந்து இரண்டு கத்தியையும் பக்கவாட்டாகத் திருப்பிச் சட்டென்று நிற்பது, ஒரு பக்கம் மட்டும் வரும். பனித்தூள் பறக்க வடிவாக நிற்பார்கள். மறுபக்கம் திருப்பி நில்லும் என்றால் சின்ன வட்டம் போட்டுச் சமாளிப்பார்கள். வட்டம் போட இடம் இருக்கும்வரை அது தெரியாது. மூலையில் இடமில்லை. தெரியாத பக்கத்தில் நிற்க வேண்டி வரும்போது கால் தயங்கும், கத்தி மாட்டும். கடைசி நிமிடத்தில் தொடை களைத்து முழங்கால் நிமிர்ந்துவிட்டால் இன்னும் மோசம். பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் பழக்கித்தான் விடுகிறார்கள். எங்களுக்கு ஆட்டம் ஆடுகிற அவசரம்.

---

இடதுகை_மார்க்கம் | வியாழன், இரவு 11.40

அண்ணா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு விறாந்தையில் எழும்பி நின்று, கண்ணை மூடி அந்த மூலையை நினைத்துப் பார்த்தேன். என் வலது தோள் முன்னால் வர நிற்கத்தான் எனக்குத் தெரியும். அன்று பக் இருந்த பக்கத்துக்கு இடது தோள் முன்னால் வந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் ஒரு தடவை கூட நான் சரியாக நின்றதில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஐந்து வாரமாகப் பனியில் ஏதோ கீறல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று குடும்ப வைத்தியரிடம் போனேன். தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார், நெஞ்சு உயரம் கூட வரவில்லை. ஊசல் பயிற்சி இன்றே தொடக்கம். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிவிட்டார், கல்வியங்காட்டு ஐயாவுக்கு நன்றி.

வருமானம் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நானே தேடியதை மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஈ.ஐ.யில் (கனடிய அரசின் வேலைக் காப்புறுதி) நோய்க்கால உதவி இருக்கிறது. வேலை விபத்தாக இருக்க வேண்டும் என்று இல்லை, விளையாட்டில் அடிபட்டாலும் கிடைக்கும். முந்தைய ஒரு வருடத்தில் 600 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். பொதுவாக ஒரு கிழமை காத்திருப்பு, பிறகு காப்புறுதிக்குரிய சம்பளத்தில் 55 வீதம், உச்ச வரம்புக்குள். 2022 டிசம்பரில் இருந்து அதை 15 கிழமையில் இருந்து 26 கிழமைக்குக் கூட்டியிருக்கிறார்கள். வைத்தியரின் சான்றிதழ் வேண்டும், அதை நிரப்பித் தர வைத்தியர் காசு கேட்கலாம். நான் நான்கு கிழமை சும்மா இருந்துவிட்டு விண்ணப்பித்தேன், அந்தத் தாமதம் என் பிழை. வேலை நின்றவுடனே போடுங்கள்.

---

புது_ஸ்கேற் | வெள்ளி, காலை 7.45

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் சேருகிறேன். முதல் நாளே இரண்டு பக்கமும் நிற்கப் பழக்குங்கள் என்று கேட்கப் போகிறேன்.

---

பிசியோ_அக்கா | வெள்ளி, மதியம் 1.10

மார்க்கம் தம்பி, நல்ல செய்தி. எழுதி ஒட்டிவையுங்கள்: எலும்பு ஒட்டியது என்று படம் சொல்ல வேண்டும், தோள் எல்லாப் பக்கமும் நோ இல்லாமல் திரும்ப வேண்டும், பலம் மற்றக் கைக்குக் கிட்ட வர வேண்டும். மூன்றும் வந்த பிறகுதான் ஆட்டம். பொதுவாக மூன்று மாதத்துக்கு முன் வராது, சிலருக்கு இன்னும் கூட. தனியாக மெதுவாக ஸ்கேற் பண்ணுவதற்கும் வைத்தியர் சொல்லும்வரை பொறுங்கள். விழுவதற்கு எதிராளி தேவையில்லை என்று உங்களுக்கே தெரியும்.

---

இடதுகை_மார்க்கம் | மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னியுங்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

13ஆம் வாரம் எலும்பு ஒட்டிவிட்டது என்றார்கள். தொட்டால் ஒரு முடிச்சு இருக்கிறது, அது அப்படியே இருக்குமாம். தோள் திரும்பத்தான் எலும்பை விட அதிக நாள் எடுத்தது. பிசியோவிடம் நான்கு தடவைதான் போனேன், மற்றதெல்லாம் வீட்டில், குசினிச் சுவரில் விரலால் நடந்து ஏறுகிற பயிற்சி. மகள் பென்சிலால் ஒவ்வொரு நாளும் கோடு போட்டாள். அந்தக் கோடுகளை மனைவி இன்னும் அழிக்கவில்லை. இரத்தத்தில் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இதயப் பரிசோதனை சரியாக வந்தது.

வேலைக்குத் திரும்பி ஆறு கிழமை.

லீக்கில் இந்த முறை பதியவில்லை. மனைவியோடு இருந்து கதைத்தோம். அவர் கேட்டது இரண்டு: இரண்டு பக்கமும் நிற்கத் தெரிந்த பிறகுதான் ஆட்டம், இரவு பத்துக்குப் பிறகு தொடங்குகிற ஆட்டம் வேண்டாம். இரண்டுக்கும் சம்மதித்தேன். ஞாயிறு மாலை ஆட்டம் நடத்துகிற லீக் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்று பொது ஸ்கேற்றிங்குக்கு மகளோடு போனேன். கழுத்துக் காப்பு, முழுக் கூடு, எல்லாம் போட்டுக்கொண்டு, அரீனாவின் நடுவில், பலகைக்குத் தூரமாக. இடது தோள் முன்னால் வர நிற்கிற பழக்கம். முதல் ஐந்து தடவையும் வலது கால் பின்னாலேயே இழுபட்டது. கோலி அண்ணா சொன்னதுபோல முழங்காலை இன்னும் மடக்கி, பாரத்தை முன்காலுக்குக் கொண்டுவந்தேன். ஏழாவது தடவை கத்தி பனியைச் சுரண்டுகிற அந்தச் சத்தம் கேட்டது, கொஞ்சம் பனித்தூளும் பறந்தது. மகள் எண்ணிக்கொண்டு வந்தாள். இருபது தடவையில் நான்கு சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை திரும்பப் போகிறோம்.